இரண்டு கழுத்து கிட்டாருக்கு என்ன விலை?

நாலு கால், நாற்காலி இல்லை. ரெண்டு கழுத்து, கண்டபேருண்டப் பட்சி இல்லை. பதினாறு தந்தி, வீணை இல்லை. அது என்ன?

காலை நிகழ்ச்சியில் இந்த விடுகதையைப் போட்டேன். கெப்போங்கில் இருந்து பேசிய ஒரு அக்கா தையல் மெஷின் என்றார். ஷா ஆலாமில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி, "ஆபீஸ் மேசைக்கு அடியில கிடக்கிற ஒயர் தான் அண்ணா" என்றார். சரியான விடையைச் சொன்னவர் செந்தூலைச் சேர்ந்த ஒரு பெரியவர். "ஹவாயன் கிட்டார்ப்பா. டபுள் நெக்."

இந்த வாரம் அதைப் பற்றித்தான். உங்கள் தாத்தா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒன்று கிடக்கலாம். அல்லது இந்த ஆண்டு போனஸில் பழைய வாத்தியம் ஒன்றை வாங்கலாம் என்ற ஆசை உங்களுக்கு இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான் வரும்: இதற்கு என்ன விலை?

முதலில் வாத்தியத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்டீல் கிட்டாரை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. மடியில் கிடத்தியோ, கால் பொருத்தி மேசை போல நிறுத்தியோ வாசிப்பார்கள். இடது கை விரல்கள் தந்தியை அழுத்துவதும் இல்லை. ஒரு வழவழப்பான இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போவார்கள். ஸ்வரம் தாவாது, வழுக்கும். நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டிருந்தால் சட்டென்று புரியும். மெட்டு இல்லாத வீணை மாதிரி இருக்கும் அந்த வாத்தியத்தை, சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி போன்றவர்கள் ஒரு கட்டையைத் தந்தியில் உருட்டித்தான் வாசித்தார்கள். சித்திரவீணை என்ற பெயரும் அதற்கு உண்டு.

சரி, கழுத்து ஏன் இரண்டு? அந்த இரும்புத் துண்டு நேராக இருக்கிறது, அதுதான் காரணம். சாதாரணக் கிட்டாரில் நான்கு விரலையும் நான்கு இடத்தில் வைத்து வேண்டிய ஸ்வரக் கூட்டை உண்டாக்கலாம். ஸ்டீல் கிட்டாரில் எல்லாத் தந்தியையும் ஒரே நேர்கோட்டில்தான் தொட முடியும். துண்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே, தந்திகளை முதலில் எப்படிச் சுருதி கூட்டி வைக்கிறோமோ அந்தக் கூட்டுதான் கிடைக்கும். ஸி சிக்ஸ்த் என்று ஒரு சுருதி முறை உண்டு. நம் கணக்கில் ச, க, ப, த. ஹவாய்ப் பாட்டுக்குத் தேனாக இருக்கும். அடுத்த பாட்டுக்கு வேறு கூட்டு வேண்டுமென்றால் மேடையில் உட்கார்ந்து எட்டுத் தந்தியையும் முறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் வேறு சுருதியில் இன்னொரு கழுத்தைப் பக்கத்திலேயே வைத்தார்கள். பிறகு மூன்று வைத்தார்கள், நான்கும் வைத்தார்கள். ஆர்மோனியக்காரர் கட்டை மாற்றுவது போல இவர்கள் கழுத்து மாற்றினார்கள்.

இந்த வாசிப்பு முறை ஹவாய்த் தீவில் 1880களில் பிறந்தது. ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளி மாணவரைத்தான் பெரும்பாலோர் அதன் தந்தையாகச் சொல்கிறார்கள். ஆனால் சார்ல்ஸ் கிங் என்ற ஹவாய் இசையமைப்பாளர் வேறொரு பெயரையும் நினைவுகூர்ந்தார்: கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் கேப்டனால் கடத்தப்பட்டு ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்த இளைஞர். 1884 வாக்கிலேயே அவர் கிட்டாரை இப்படி வழுக்கி வாசித்ததைப் பார்த்தேன் என்றார் கிங். உடனே டேவியனுக்கு நம் ஊர்ப் பட்டா எழுதிவிட வேண்டாம். ஆனாலும் கோட்டுவாத்தியத்துக்கும் ஹவாய்க்கும் நடுவில் ஓர் இந்தியப் பெயர் நிற்பது சுவையான செய்திதான்.

1915-இல் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்த பிறகு அமெரிக்காவுக்கே பித்துப் பிடித்தது. கூட்டம் பெரிதாக, கிட்டாரின் சத்தம் போதவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே செல்லப்பெயர். உலகில் விற்பனையில் வெற்றி கண்ட முதல் மின்சாரக் கிட்டார் ஒரு ஹவாயன் கிட்டார்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் வந்தார். 1940களில் இரட்டைக் கழுத்து, 1953-இல் ஸ்டிரிங்மாஸ்டர் என்ற வரிசை. இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளில் அது கிடைத்தது. 1959-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'ஸ்லீப் வாக்' என்ற இசைத்துண்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள், தலையாட்டுவார்கள். அதை வாசித்த சாண்டோ ஃபரினா மேடையில் வைத்திருந்தது மூன்று கழுத்து ஃபெண்டர்.

அதற்குள் பல கழுத்துக்கு எமனும் பிறந்துவிட்டான். 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் காலால் பெடலை அழுத்தி, தந்தி ஒலிக்கும்போதே அதன் சுருதியை மாற்றிக் காட்டினார். காலால் சுருதி மாற்ற முடியும் என்றான பிறகு கழுத்துக்கு மேல் கழுத்து எதற்கு? பெடல் இல்லாதவை மெல்ல மெல்லக் கட்டிலுக்கு அடியில் போயின.

நம் பக்கம் இதன் கதை வேறு. போருக்கு முன்பே ஹவாய் இசை மலாயா, சிங்கப்பூர், ஜாவா எங்கும் பரவியிருந்தது. குரோன்சோங் குழுக்களிலும் நடன அரங்குகளிலும் அந்த வழுக்கும் ஓசை கேட்டது. பண்டுங்கில் பிறந்த ஜார்ஜ் டி ஃபிரெட்டஸ் இந்த வாத்தியத்தில் பெரும் புகழ் பெற்றார். இந்தியாவில் வான் ஷிப்ளி, சுனில் கங்குலி ஆகியோர் திரைப்பாட்டுகளை ஹவாயன் கிட்டாரில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகத்தையே முழுசாக வாசித்தார். விஸ்வ மோகன் பட் அதை மோகன வீணையாக்கி, ரை கூடருடன் வாசித்த இசைக்காக 1994-இல் கிராமி விருது வாங்கினார். ஆக, 1950, 60களில் இங்கே கையில் கொஞ்சம் சம்பளமும் காதில் ரேடியோவும் இருந்த ஓர் இளைஞருக்கு ஹவாயன் கிட்டார் மேல் ஆசை வந்தால் அது விநோதம் இல்லை.

அப்படி ஓர் இளைஞர் செந்தூல் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். பணி ஓய்வுக்குப் பின் கிள்ளானுக்குக் குடிபோய், அங்கேயே காலமானார். சில மாதங்களுக்கு முன் அவர் மகள், என் நிகழ்ச்சியைக் கேட்கும் ஓர் அக்கா, தொடர்பு கொண்டார். அம்மா தனியாக இருக்கும் தரை வீட்டைக் காலி செய்கிறார்கள். அம்மாவைப் பூச்சோங்கில் தம் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப்போகப் போகிறார். அங்கே இடம் இல்லை. அப்பாவின் டபுள் நெக் கிட்டாருக்கும் அதோடு இருந்த பெட்டிகளுக்கும் ஒருவர் "எல்லாம் சேர்த்து 600 வெள்ளி" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் இணையத்தில் பார்த்துவிட்டு, பத்தாயிரத்துக்குக் குறைந்து கொடுக்கக்கூடாது என்கிறார். தம்பி சிங்கப்பூரில் இருந்துகொண்டு, "குடுத்துடுங்க லா, சண்டை வேணாம்" என்கிறார். வீடு கைமாற மூன்று வாரம்தான் இருக்கிறது.

"தம்பி, நீங்க மியூசிக் ஆளு. வந்து பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா அண்ணன் கேட்பாரு" என்றார் அக்கா.

நான் பாட்டுப் போடுகிறவன், வாத்தியத் தரகன் இல்லை. அதனால் வால்வு ஆம்பிளிஃபயர் பழுதுபார்க்கும் ஒரு நண்பரையும், அவருடைய மல்டிமீட்டரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அன்று அவர் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். நீங்கள் விற்பவரானாலும் வாங்குபவரானாலும் இந்த வரிசை உதவும்.

ஒன்று, பெயர். யார் செய்தது? பழைய வாத்தியச் சந்தையில் விலையின் பெரும்பகுதி பெயருக்குத்தான். ஃபெண்டர், கிப்சன், ரிக்கன்பேக்கர் என்றால் உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். அடுத்த படி, குயாடோன், டெய்ஸ்கோ போன்ற பழைய ஜப்பான் கம்பெனிகள். பெயர்ப்பலகை மட்டும் போதாது, அதைக் கழற்றி வேறொன்றில் ஒட்ட இரண்டு ஆணி போதும்.

இரண்டு, வயது. ஒலித் திருகுகளின் அடியில் இருக்கும் உலோக மூடியில் எண் அடித்திருப்பார்கள். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். தயாரிப்பு. அடுத்து வருவது ஆண்டும் வாரமும். 304-6432 என்றிருந்தால் 1964-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அந்தத் திருகு அன்று செய்யப்பட்டது என்றுதான் அர்த்தம். கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்காது, திருகு பிறகு மாற்றப்பட்டிருந்தால் தவிர. ஈயம் பற்றவைத்த இடம் பளபளவென்று புதிதாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மூன்று, நீளம். தந்தி தொடங்கும் முனையிலிருந்து குதிரை வரை டேப் வைத்து அளக்க வேண்டும். ஸ்டிரிங்மாஸ்டரிலேயே 26, 24½, 22½ அங்குலம் என்று மூன்று அளவு உண்டு. நீளமானது கணீரென்று நின்று ஒலிக்கும், ஆனால் மேல் சுருதிக்கு முறுக்கினால் மெல்லிய தந்தி அறுந்துபோகும். குட்டையானதில் அந்தத் தொல்லை குறைவு, துண்டைச் சாய்த்து வாசிப்பதும் எளிது. விளம்பரத்தில் நீளம் போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நான்கு, பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் அதுதான். ஸ்டிரிங்மாஸ்டரில் கழுத்துக்கு இரண்டு பிக்கப் இருக்கும், ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும். தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். மல்டிமீட்டரை வைத்தால் உயிர் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் சுற்றியதற்கு விலை குறையும்.

ஐந்து, முழுமை. கால்கள் எல்லாம் இருக்கின்றனவா, பிக்கப் மேல் மூடி இருக்கிறதா, பெட்டி அதனுடையதுதானா? காலும் பெட்டியும் தொலைந்தால் தனியாகத் தேடி வாங்குவது பெரும்பாடு. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் பெட்டியின் உள் துணியில் பூசணம் பிடித்திருக்கும். வாசனை பாருங்கள். பூசணம் பெட்டியோடு நிற்காது.

இனி கிள்ளான் வீடு. போர்வையை எடுத்தார்கள். நல்ல கனமான இரண்டு கழுத்து. பெயர்ப்பலகை இல்லை, எண் இல்லை. நண்பர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், சிரித்தார். "இது கம்பெனி செஞ்சது இல்ல."

அம்மா அப்போதுதான் பேசினார். "அவர்தான் செஞ்சார். சிலிப்பர் கட்டை."

தண்டவாளத்துக்கு அடியில் போடும் செங்கால் கட்டை. அதை இழைத்து உடம்பாக்கியிருக்கிறார். பித்தளையை அரத்தால் அராவிக் குதிரை செய்திருக்கிறார். பழைய டெலிபோன் காந்தங்களில் கம்பி சுற்றிப் பிக்கப். முன் கழுத்தில் வழக்கம் போல் கோடுகளும் புள்ளிகளும். பின் கழுத்தில் சிவப்பு மையால், சிறிய எழுத்தில், ச ரி க ம என்று எழுதியிருந்தது.

"முன்னாடி இருக்கிறது கிளப்புல வாசிக்க. பின்னாடி இருக்கிறது வீட்டுல நம்ம பாட்டு வாசிக்க" என்றார் அம்மா. இரண்டு கழுத்து எதற்கு என்று நான் மேலே எழுதிய விளக்கத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

முன் கழுத்தின் பிக்கப்பில் உயிர் இருந்தது. பின் கழுத்தினுடையது செத்துப்போயிருந்தது.

அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார். "அப்போ எவ்ளோ போகும்?"

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இணையத்தில் பார்த்தது ஃபெண்டரின் விலை. நல்ல நிலையில், எல்லாம் முழுமையாக உள்ள இரட்டைக் கழுத்து ஸ்டிரிங்மாஸ்டர் ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டுவது சாதாரணம், நம் காசில் நான்காயிரம் வெள்ளிக்கு மேல். அந்த விலை அந்தப் பெயருக்கு. அதை வாங்குகிறவர் ஜப்பானில் இருந்தாலும் டெக்சஸில் இருந்தாலும், தனக்கு என்ன வரும் என்று பார்க்காமலே தெரியும். சிலிப்பர் கட்டையில் ஒருவர் செய்த ஒற்றை வாத்தியத்துக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. ஒப்பிட முடியாத பொருளுக்குச் சந்தை விலை போடாது. நானூறு, ஐந்நூறு வெள்ளி கிடைத்தால் பெரிது.

அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "இதுக்கு விலை இல்லைங்கிறீங்க. விலைமதிப்பே இல்லாததுன்னும் அக்காகிட்ட சொல்றீங்க. எது சரி தம்பி?"

இரண்டும் சரிதான் என்றேன். விலை என்பது அப்பாவைத் தெரியாத ஒருவர் கொடுப்பது. அவருக்கு இது பழைய மரம், பழைய கம்பி. அப்பாவைத் தெரிந்தவர்கள் இந்த அறையில் நான்கு பேர், சிங்கப்பூரில் ஒருவர். உங்களுக்குள் இதை வாங்கவும் விற்கவும் முடியாது, யார் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் முடியும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பேராசைக்காரர் இல்லை அவர். அப்பா கையால் செய்தது மலிவாகப் போய்விடக்கூடாது என்ற ரோஷம்தான் பத்தாயிரமாக வெளியே வந்தது என்று எனக்குப் பட்டது.

இதற்குள் நண்பர் காணாமல் போயிருந்தார். வரவேற்பறையில், டிவிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூ ஜாடி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, இந்த ஜாடியைக் கொஞ்சம் எடுக்கலாமா?"

அது ஆம்பிளிஃபயர். வாக்ஸ் ஏ.சி. 30. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் ஜே.எம்.ஐ. நிறுவனம் செய்தது, பின்பக்கம் தகடு அப்படியே இருந்தது. இங்கே அது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஊரெல்லாம் கிட்டார்க் குழு, பொப் யே யே காலம். ஷேடோஸ், பீட்டில்ஸ் இரு குழுவினரும் பயன்படுத்தியது வாக்ஸ். குழு கலைந்தபோது யாரிடமோ அப்பா வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்து அசல் ஏ.சி. 30 இன்று இங்கிலாந்தில் ஆயிரம் பவுனைத் தாண்டி விற்கிறது. உள்ளே இருக்கும் நீல நிற செலஸ்டியன் ஒலிபெருக்கிகளுக்குத் தனியாகவே ஆள் இருக்கிறார்கள்.

"எல்லாம் சேர்த்து 600" என்று கேட்டவர் எதற்குக் கேட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அம்மா மட்டும், "பூ ஜாடியை எங்க வைக்கிறது?" என்றார்.

அதை யாரும் உடனே மின்சாரத்தில் மாட்டவில்லை, அது முக்கியம். பல ஆண்டு ஓடாத வால்வுப் பெட்டியை அப்படியே போட்டால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிர் வாங்கும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். தெரிந்தவர் மட்டுமே திறக்க வேண்டும். நண்பர் தம் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தது, மற்றவை பெரும்பாலும் அசல். அந்தக் குறையையும் எழுதிப் படத்தோடு விளம்பரம் போட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிட்டார்க் கலைஞர் 9,500 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார்.

மூன்று பிள்ளைகளும் அந்தப் பணத்தை அம்மா பெயரில் போட்டார்கள். அதில் 700 வெள்ளி எடுத்து, செத்துப்போன பிக்கப்பைப் புதிதாகச் சுற்றினார்கள். சுற்றினால் விலை குறையும் என்று எழுதினேன் அல்லவா? விற்காத பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. கிட்டார் பூச்சோங்குக்குப் போகவில்லை, அங்கே நிஜமாகவே இடம் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போனது. அவர் மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் வீணை கற்கிறாள். ச ரி க ம எழுதிய கழுத்து அவளுக்கு உடனே புரிந்தது, ஹவாய்க் கழுத்து இன்னும் புரியவில்லையாம்.

வாங்க நினைக்கும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள்.

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏலத் தளங்களில் முடிந்த விற்பனையைத் தனியாகக் காட்டுவார்கள். கேட்கும் விலை ஆசை, முடிந்த விலைதான் சாட்சி.

கழுத்து கூடினால் விலையும் அதே கணக்கில் கூடும் என்று நினைக்காதீர்கள். நான்கு கழுத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அடுக்குமாடி லிஃப்டில் ஏற்றுவதே ஒரு திருவிழா. அதனால் வாசிப்பவர்கள் பலரும் தேடுவது இரண்டு கழுத்தைத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எடைக்கு ஏற்ற கப்பல் கட்டணம் வாத்தியத்தின் விலையையே நெருங்கலாம். கழுத்தின் எண்ணிக்கையை விட, உங்களிடம் எத்தனை சுருதி முறைக்குப் பாட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். தொடங்குகிறவருக்கு ஒற்றைக் கழுத்து, ஆறு தந்தி, மடியில் வைத்து வாசிப்பது போதும்.

வரி இருக்கிறது. இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தந்தி, இரும்புத் துண்டு எல்லாம் இதில் வரும். அதற்கு மேற்பட்ட விலைக்குச் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மரத்தையும் கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. பழைய மரக் கிட்டாரில் அது இருந்தால் தாளில்லாமல் எல்லை தாண்டாது. ஸ்டிரிங்மாஸ்டர் பெரும்பாலும் ஆஷ் மரம், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்க ஆம்பிளிஃபயர் வாங்கினால் இன்னொன்று. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராக மாட்டினால் அன்றோடு அதன் ஆயுசு முடிந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிட்டாருக்கு அந்தப் பயம் இல்லை, அது மின்சாரம் குடிப்பதில்லை.

தேட இடம்? முடா, கெரோசல் இரண்டிலும் 'ஹவாயன் கிட்டார்' என்று மட்டும் தேடாதீர்கள். விற்பவருக்கே பெயர் தெரியாமல் 'பழைய மேசைக் கிட்டார்' என்று போட்டிருப்பார். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரயிறுதிச் சந்தையில் பழைய இசைத்தட்டு விற்பவர்களிடம் சொல்லி வையுங்கள். வீடு காலி செய்கிறவர்கள் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான். மூதாட்டி ஒருவர் 50 வெள்ளிக்குக் கொடுக்கிறார், அது நாலாயிரம் பெறும் என்று உங்களுக்குத் தெரிகிறது என்றால், அதைச் சொல்லிவிட்டு ஒரு நியாயமான விலை பேசுங்கள். நாளைக்கு உங்கள் அம்மா வீட்டு வாசலிலும் ஒருவர் வந்து நிற்பார்.

வீட்டில் பழைய வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேலை. அதை வாசித்தவரோ, வாசித்ததைக் கேட்டவரோ இருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: யாருடையது, எங்கே வாங்கியது அல்லது யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தக் குழுவில் வாசித்தார், எப்படிச் சுருதி கூட்டுவார். பக்கத்தில் அதனோடு சேர்ந்த பெட்டி, கால், ஒயர் எல்லாவற்றின் படத்தையும் வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீர் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பொட்டலத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.